அப்பாவின் மிருதங்கத்தில் ஒரு கையெழுத்து

8 ஜூன் 2025, ஞாயிறு

மயிலாப்பூர் வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இடித்து அடுக்ககம் கட்டப் போகிறார்கள். அப்பா மார்கழியில், அம்மா பங்குனியில் என்று அடுத்தடுத்துப் போனதில் எதையும் பிரிக்கவில்லை. இன்று பாத்திரமும் கொலு பொம்மையும் பிரிந்தாயிற்று. மிச்சம் கண்ணாடி அலமாரியில் அப்பாவின் மிருதங்கம்.

அதன் இடது பக்கத் தோலில் பாடகர் பூவனூர் வேதாந்தத்தின் கையெழுத்து. 1988 டிசம்பரில் அப்பா அவருக்கு வாசித்த ஒரே கச்சேரி. முடிந்ததும் பேனாவை வாங்கித் தோலிலேயே போட்டுக் கொடுத்தாராம்.

“அசல்னு சான்றிதழ் வாங்கிட்டா மியூசியத்துக்கே கொடுத்துடலாம்டி, சூடா. அப்பா பேரோட இருக்கும்” என்றான் பத்ரி அண்ணா. உடனே சரி என்றேன். அது என் கண்ணிலிருந்து போனால் போதும் எனக்கு.

9 ஜூன்

ஏன் போனால் போதும்? எழுதியே விடுகிறேன்.

நாலு வயதில் எனக்கு இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அம்மா கபாலி கோயிலில் வேண்டிக்கொண்டாள்: குழந்தை பிழைத்தால் இவர் இனி மிருதங்கத்தைத் தொட மாட்டார் என்று. நான் பிழைத்தேன். மிருதங்கம் அலமாரிக்குள் போயிற்று, அப்பா தபால் ஆபீஸோடு நின்றார். கல்யாணமோ காதுகுத்தோ, யாராவது ஒரு மாமி என் கன்னத்தைத் தொட்டு “உனக்காகத்தானேடி விட்டார்” என்று சொல்லாமல் போனதில்லை. வருஷா வருஷம் எக்கோ எடுக்கப் படுக்கும்போது, இந்த இதயம் ஒரு வித்வானைத் தின்றுவிட்டது என்றுதான் நினைப்பேன்.

சான்றிதழாவது வரட்டும். அவர் விட்டது எவ்வளவு பெரிது என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

13 ஜூன், வெள்ளி

ஆயத் வந்தார். ஏல நிறுவனம் ஒன்றுக்காகப் பழைய வாத்தியம், இசைத்தட்டு, கையெழுத்தெல்லாம் மதிப்பிடுகிற பெண். முப்பது வயதிருக்காது. லென்ஸும் குட்டி விளக்குமாக வெகுநேரம் குனிந்திருந்தார். நான் காபியோடு வந்தபோது முகமே சரியில்லை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது அவர் போட்டது இல்ல.”

“எப்படிச் சொல்றேள்?”

“அவர் தொண்ணூத்தொம்பதுலயே இறந்துட்டார். இந்தத் தோல் மாத்தி ரெண்டு மூணு வருஷந்தான் இருக்கும். மையும் ஜெல் பேனா மை. இங்க பாருங்க.”

லென்ஸை என் கையில் கொடுத்தார். வாசிக்கும் முன் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். அந்த ரவை தோலில் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. மை அதன் மேல்.

“இந்தப் புதுத் தோல்லயே முதல்ல ரவை. அப்புறம்தான் கையெழுத்து. யாரோ பாத்து வரைஞ்சிருக்காங்க.”

யாரோ! இந்த வீட்டில் அந்த அலமாரிச் சாவி அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது.

14 ஜூன்

பத்ரி: “யார்கிட்டயும் மூச்சு விடாதே. மானம் போயிடும்.”

அப்பா கள்ளக் கையெழுத்துப் போடுவாரா? ஒரு தபால் தலையைக்கூட ஆபீஸிலிருந்து எடுத்து வராத மனுஷர் — அப்போ அந்தக் கச்சேரி? அதுவும் பொய்யா? எனக்காக விட்டார், விட்டார்னு இத்தனை வருஷம் குத்திண்டே இருந்தேளே, விட்டதாவது நிஜமா?

15 ஜூன்

சமையலே ஓடவில்லை. யாரும் தொடாத மிருதங்கத்துக்கு எதற்குப் புதுத் தோல்?

அப்பா சனிக்கிழமை தவறாமல் அதை உறையில் போட்டுத் திருவல்லிக்கேணிக்கு எடுத்துப் போவார். “வார் பிடிச்சு இறுக்கி வைக்கணும். இல்லேன்னா தோல் வீணாப் போயிடும்.” அம்மா தலையாட்டுவாள். அலமாரியில் தூங்குகிற வாத்தியத்துக்கு வாரா வாரம் என்ன வார் என்று, கணக்கு டீச்சரான நான்கூடக் கேட்டதில்லை.

அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் பீர் முஹம்மது மாமா அங்கேதான் இருக்கிறார். போன் செய்து அந்தக் கடை எது என்று கேட்டேன்.

“போன்ல வேணாம்மா. நேர்ல வா.”

21 ஜூன், சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

பீர் முஹம்மது மாமா வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. பாய், ஹார்மோனியம், ஒரு டேபிள் ஃபேன்.

“கடையாவது ஒண்ணாவது. உங்க அப்பா இங்கதாம்மா வருவாரு. நான் பெட்டி வாசிப்பேன், அவரு மிருதங்கம். அசருக்கு பாங்கு சொன்னா நிறுத்துவோம். நான் தொழுதுட்டு வந்தா டீ, அப்பால மறுபடி ஆரம்பம்.”

“எப்பலேர்ந்து?”

“உனக்கு ஆபரேஷன் ஆன மறு வருசத்துலேர்ந்து. படுக்கையில வுழற வரைக்கும்.”

“அம்மா வேண்டிண்டாளே, மாமா?”

அவர் சிரித்துவிட்டார். “நானும் கேட்டேன். ‘வேண்டிண்டது அவ. என்னை யார் கேட்டா பாய்?’ன்னாரு. ஆனா அந்தம்மா மனசு நோவக் கூடாதுன்னு ஊட்டுல சொல்லவேயில்ல.”

“கையெழுத்து?”

“மொத தோலு கிழிஞ்ச அன்னிக்குதான் பேஜாராயிட்டாரு. அத்த உங்க அம்மா டெய்லி வெளக்கேத்தி கும்புடும். கையெழுத்து இல்லாம எப்டி எடுத்துக்கினு போறது? பழைய தோல பக்கத்துல வெச்சிக்கினு இதே எடத்துல உக்காந்து எழுதுனாரு. அப்பால ஒவ்வொரு தோலுக்கும் அதே வேல. கடசீல வேதாந்தத்தவிட நல்லாவே போட்டாரு!”

படி இறங்கி எப்படி பீச் ரோடு வரை வந்தேன் என்று தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சுண்டல் விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே. விடலை! அப்பா விடவேயில்லை! திருட்டு அப்பா, ஒரு வார்த்தை எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கப்படாதா? போறது, வாசிச்சாரே. அது போதும். அப்பாடா... மார்பிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருக்கிறது.

22 ஜூன்

பத்ரி நம்பவில்லை. “உன் மனசு ஆறட்டும்னு பாய் கதை சொல்றார். எனக்கு அப்போ பத்து வயசு. அப்பாகிட்டதான் கத்துண்டிருந்தேன். அதையே அன்னியோட நிறுத்தினவர், தான் மட்டும் போய் வாசிப்பாரா?”

இந்தக் குறை இவனுக்குள்ளும் இருந்திருக்கிறதா? ஒரு நாள் சொன்னதில்லையே.

23 ஜூன்

ஆயத்துக்குப் போன் செய்தேன். பொய் என்றே எழுதிக் கொடுங்கள், ஆனால் எழுத்தில் வேண்டும் என்றேன். இப்படிக் கேட்டவர் யாருமில்லையாம். மிருதங்கத்தை எடுத்துப்போய் முழுதாகப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார்.

29 ஜூன்

வீட்டைக் காலி செய்தாயிற்று. சாவி கொடுத்தாயிற்று.

4 ஜூலை, வெள்ளி

மிருதங்கமும் அறிக்கையும் தி.நகரில் என் வீட்டுக்கு வந்தன. அடையாற்றுக்குப் போன் போட்டு பத்ரிக்குப் படித்துக் காட்டினேன்.

“கையெழுத்து: அசல் அல்ல.”

“உம்.”

“மதிப்பு: பழைய பலாக் கட்டைக்கு உண்டானது மட்டும்.”

“உம். அவ்வளவுதானே?”

“இன்னும் ஒண்ணு இருக்கு. வாத்தியத்தின் நிலை: பல ஆண்டுகள், அண்மைக் காலம்வரை, தொடர்ந்து வாசிக்கப்பட்டுள்ளது.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அண்ணா?”

“அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிடி” என்றான்.

படித்தேன்.