படத்தில் இல்லாத சத்தம்

கடை ஏசி மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாகிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க சார், தெருவுலயே கேக்குது" என்கிறார்கள். காட்டலாம். ஆழ்வார்பேட்டையில் ஏசி மெக்கானிக்குக்கா பஞ்சம்? வருகிறவன் ஏணி போட்டு ஏறுவான், எதையோ திருகுவான், சத்தம் நின்றுவிடும். அது நிற்பதுதான் எனக்கு இப்போது வேண்டாம்.

உனக்கு நான் கடைசியாக அனுப்பிய ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேராக அங்கே போகத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உன்னை எனக்குக் கொண்டுவந்து சேர்த்ததே இந்த ஏசிச் சத்தம்தானே. அன்று நீ ஏணி மேல் ஏறி, மூடியைக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். ஒரு நிமிடம் போனது. "என்னப்பா, வேலையப் பாக்கறியா இல்ல தூங்கறியா?" என்று கேட்டேன். "இரு சார். இது இன்னா சத்தம் தெர்தா? படத்துல பேய் வர்றதுக்கு முன்னாடி அடியில ஒண்ணு ஓடிக்கினே கீமே, அது. சரி பண்ணவே மனசு வர்ல" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக நானும் அதே சத்தத்தை அதே நினைப்போடு கேட்டுக்கொண்டு, சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். பாட்டு இல்லாத இடத்தில் பின்னால் என்ன ஓடுகிறது என்று கவனிக்கிறவனை, அதுவும் பேய்ப் படத்தில் கவனிக்கிறவனை, கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

அன்று நீ கடையில் இரண்டு மணி நேரம் இருந்தாய். அதில் ஏசி வேலை கால் மணி நேரம். போகும்போதே 'சார்' போய் 'மச்சி' ஆகிவிட்டிருந்தது.

அப்புறம் அசோக் நகர் தியேட்டர், எந்தப் பேய்ப் படம் வந்தாலும் முதல் ஞாயிறு மதியக் காட்சி. நீ கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவாய். பக்கத்து வரிசைப் பெண்கள் உன்னைக் காட்டி, பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். உனக்கா பயம்? பேய் வரப்போவது உனக்கு அரை நிமிடம் முன்பே தெரிந்துவிடும். என் முழங்கையைத் தட்டுவாய். தட்டினால் வரும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு தடவை தவறியது. இரண்டு தடவையும் மியூசிக் போட்டவரைத்தான் திட்டினாய்.

படம் விட்டதும் எதிர் டீக்கடையில் நம் சண்டை. எனக்கு வயலின் வேண்டும். உனக்கு ஆகாது. "வயலினு கீச்சுன்னா அது பயமாடா? பூனை வால மிதிச்சாலும்தான் அப்டி கத்தும்." திடீரென்று டமால் என்று அடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் உனக்கு ஆத்திரமே வரும். "எங்கூட்ல குண்டான் கீய வியுந்தாக்கூடதான் எகிறி குதிக்கிறேன். அதுக்காக எம் பொண்டாட்டிக்கு அவார்டு குடுக்கறதா?" கொலுசு விஷயத்தில் மட்டும் நாம் ஒரே கட்சி. "எல்லாப் பேயும் இன்னாத்துக்குடா கொலுசு மாட்டிக்கினு வருது? செத்தப்பறம் கடைக்குப் போய் வாங்குதா?" என்று நீ கேட்ட நாளில் டீக்கடைக்காரருக்குப் புரையேறியது.

சண்டை ஓய்ந்ததும் வாசித்துக் காட்டுவாய், வாயாலேயே. அடியில் ஓடும் ரீங்காரம் மூக்கில், தாளம் டீ கிளாசின் மேல் மோதிரத்தால், காற்று பல்லிடுக்கில். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஆட்டோ ஹாரனும் பாத்திரம் கழுவும் சத்தமும் எங்கோ போய்விடும். தியேட்டர் ஸ்பீக்கரில் வராத நடுக்கம் எனக்கு அந்த பெஞ்சில் வந்திருக்கிறது.

ஆற்றோரத்தில் இருந்த உங்கள் வீடுகளை எடுத்துவிட்டு, ஊரைத் தாண்டி அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். உனக்கு விழுந்தது ஏழாவது மாடி. அங்கிருந்து தி.நகருக்கு வேலைக்கு வந்து திரும்பவே உன் நாள் தீர்ந்துபோனது. "ஞாயித்துக்கெயம வர்லாம்னு பாத்தா, நான் வந்து சேர்றதுக்குள்ள இண்டர்வெல் வுட்ருவான் மச்சி" என்றாய். அப்போதுதான் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டோம். படத்தை யார் முதலில் பார்க்கிறோமோ அவன் மற்றவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் அனுப்ப வேண்டும். கதை சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறது, குப்பை என்று சொல்லக் கூடாது. ஒரு வார்த்தைகூடக் கூடாது. படத்தில் மிரட்டிய இடம் எதுவோ அதை வாயால் வாசித்து அனுப்ப வேண்டும். பார்க்காதவன் பிறகு தியேட்டரில் உட்கார்ந்து அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். தலை நரைத்த இரண்டு ஆம்பளைகள் விளையாடுகிற விளையாட்டா இது என்று என் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் ஊளையிட்டால் அவள் வேறென்ன செய்வாள்?

நான் அனுப்பியதெல்லாம் சுமார். உன்னுடையது அப்படியில்லை. ஒரு தடவை வெறும் கதவு ஒன்றை அனுப்பினாய். நாலு நாள் கழித்து தியேட்டரில் அந்தக் கதவு திறந்தபோது நான் "இதான்டா!" என்று கத்திவிட்டேன். முன்வரிசைக்காரர் எழுந்து நின்று முறைத்தார். வெளியே வந்ததும் உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீ சிரித்தாய், சிரித்து முடிக்க உனக்கு நேரமானது. மூச்சு வாங்கியது.

"என்னடா, ஓடிக்கிட்டே பேசறியா?"

"லிப்டு நின்னு போச்சு மச்சி. ஏய் மாடி ஏறிக்கினு கீறேன்."

ஏழு மாடி ஏறினால் யாருக்குத்தான் வாங்காது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் கடைக்கு வந்தாய். தெருவிலிருந்து கடைக்கு மூன்றே படி. அதை ஏறிவிட்டு ஜெராக்ஸ் மிஷின் மேல் கையை ஊன்றி நின்றாய். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். "காட்லாம் காட்லாம்" என்றபடி, வெள்ளிக்கிழமை வரப்போகிற படத்தின் டிரைலரைப் போட்டாய். மலை பங்களா, பனி, யாருமில்லாத ஊஞ்சல். இரண்டு பேரும் ஒரே போனில் குனிந்து, பின்னால் ஓடுவது நிஜ செல்லோ வாத்தியமா, கம்ப்யூட்டரில் செய்த செல்லோவா என்று அரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். டாக்டர் பேச்சு அதோடு போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை நீ லீவு போட்டுவிட்டுக் காலைக் காட்சிக்கே போயிருந்தாய். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் உன் வாய்ஸ் வந்தது. கடையில் கூட்டமில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். முதலில் மூக்கில் உன் ரீங்காரம். நன்றாக ஏறி வந்து சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் ஒரு மூச்சு. முழுதாக உள்ளே போக முடியாமல் பாதியில் தட்டி, சின்ன விசிலோடு வெளியே வருகிற மூச்சு. இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ரீங்காரம், மறுபடி நிறுத்தம், மறுபடி அந்த மூச்சு, இந்தத் தடவை இன்னும் நீளமாக. என் கையில் மயிர்க்கால் எழுந்து நின்றது. பங்களாவில் கட்டிலுக்கு அடியில் ஏதோ ஒரு கிழட்டுப் பேய் படுத்திருக்கிறது என்று படத்தையே பார்த்துவிட்ட மாதிரி முடிவு கட்டினேன். உடனே எழுதி அனுப்பினேன்.

"ரீங்காரம் சுமார். மூச்சு பிரமாதம்டா. அப்படியே சாகப் போறவன் மாதிரியே பண்ணியிருக்க."

இதுதான் அந்த வரி.

நீ ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டாய். அடியில், "படத்த பாத்துட்டு வா மச்சி. பேசலாம்" என்று எழுதியிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் மனைவி போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். நான் வந்தபோது உன்னைக் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஏழு மாடி ஏற்ற முடியவில்லையாம். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். இந்த மூக்கில்தானே எத்தனை படங்கள் ஓடின என்று நினைத்து அழுதேன். அப்போதும் அந்த வரி எனக்கு உறைக்கவில்லை. நீ வாசித்த கடைசி வாசிப்பு என் போனில் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல்கூட இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை படத்துக்குப் போனேன். அதுதான் கடைசி நாள். பக்கத்து சீட்டில் என் பையை வைத்தேன். உனக்காகத்தான், வேறு எதற்கு? அந்த மூச்சு எங்கே வரும், எங்கே வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளை வரை வரவில்லை. இரண்டாம் பாதியில் ஊஞ்சல் இருக்கிற அந்தக் கூடத்துக்குள் கதாநாயகி நுழைகிறாள். ரீங்காரம் ஆரம்பித்தது. நீ வாசித்தது அப்படியே, சுருதி பிசகாமல். சுமார் என்று சொன்னேனே, அதே ரீங்காரம். ஏறி வந்து சட்டென்று நின்றது. நான் மூச்சுக்குக் காத்திருந்தேன்.

அங்கே ஒன்றுமே இல்லை. சுத்தமான அமைதி. மறுபடி ரீங்காரம், மறுபடி அமைதி, இந்தத் தடவை இன்னும் நீளமாக. தியேட்டரில் ஒருவர்கூட இருமவில்லை.

நீ அந்த அமைதியைத்தான் வாசித்திருக்கிறாய். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். சும்மா இருந்தபோது கேட்டது உன் மூச்சு. வசனத்துக்கு அடியில் பூச்சி ஊர்கிற மாதிரி ஒரு சத்தம் ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொண்டவன் நான். என் சிநேகிதன் மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுப் பாராட்டியிருக்கிறேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. கூட்ட வந்த அம்மா, "இன்னா சார், பயந்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடையாற்றில் வீட்டு வேலை முடித்துவிட்டு ஒரு மத்தியானம் உன் மனைவி கடைக்கு வந்தாள். உன் இறப்புச் சான்றிதழ் பத்து காப்பி வேண்டும் என்றாள். என்னுடையது பழைய மிஷின், ஒவ்வொரு காப்பிக்கும் வெளிச்சம் ஒரு தடவை போய் வரும். பத்து தடவையும் உன் பெயரின் மேல் போய் வந்தது. ஆறாவதோ ஏழாவதோ வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு வெள்ளிக்கிழம அவன் ஒரு வாய்ஸ் அனுப்பினாம்மா. நான் அதுக்கு ஒண்ணு எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா. என்னாண்டதான காட்னாரு" என்றாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா, ஆட்டோ சொல்லிட்டேன்னு கத்திக்கினு கீறேன். இவுரு போன நீட்டி சிரிக்கிறாரு. 'பாருடி, அவன் காது எப்பேர்ப்பட்ட காது தெர்மா? அவனே என் மூச்ச மியூசிக்குன்றான். எனுக்கு ஒண்ணியும் இல்ல, ஆட்டோவ அனுப்ச்சிரு'ன்னாரு. அவ்ளோ சிரிப்புணா. அப்டி சிரிச்சி எவ்ளோ நாளாச்சு."

சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. உன்னைக் கடைசியாகச் சிரிக்க வைத்தவன் என்று எனக்கு நன்றி சொல்கிற மாதிரி இருந்தது அந்த முகம். காப்பிகளை அடுக்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது மேலே பார்த்து, "இது அவுரு பாத்த ஏசியாணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சத்தமே போடல பாரேன்" என்றாள் பெருமையாக.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நீ நிஜமாகவே என் காதை நம்பினாயா? இல்லை, போகாமலிருக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தாயா, என் வரி அதற்கு வாகாக வந்து விழுந்ததா? இரண்டாவது என்றால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். உன் வாய்ஸை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அதில் பதில் இல்லை. நீ படித்துவிட்டாய் என்று காட்டும் இரண்டு நீல டிக்கோடு நிற்கிற என் வரியை அழிக்கவும் பார்த்தேன். என் போனிலிருந்து மட்டும் அழிக்கலாம் என்கிறது. உன் போன் இப்போது அவளிடம் இருக்கிறது. அங்கே அது அப்படியே இருக்கும்.

இப்போதெல்லாம் எனக்குப் படத்தில் எதுவும் கேட்பதில்லை, மனிதர்களைத்தான் கேட்கிறது. போன வாரம் ஒரு பெரியவர் ஆதார் காப்பிக்கு வந்தார். மூன்று படி ஏறியதும் அவர் மூச்சு பாதியில் தட்டியது. நாற்காலியைப் போட்டு, டாக்டரிடம் காட்டினீர்களா, எப்போது காட்டினீர்கள், என்ன சொன்னார் என்று விடாமல் கேட்டேன். "ஜெராக்ஸ் எடுக்கற வேலையப் பாருய்யா" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். அவர் போன திசையில் கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் வீட்டிலும் அப்படித்தான். அவள் அசந்து படுத்திருந்தால் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்கிறேன்.

பாத்துட்டு வா, பேசலாம் என்றாய். பார்த்துவிட்டேன், மச்சி. நீ வாசித்ததில் ஒரு குறையும் இல்லை, ரீங்காரமும் சுமார் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஏசிக்கு நாளைக்கும் யாரையும் கூப்பிடப் போவதில்லை. அது ஓடட்டும். அது நின்றால் கடை அமைதியாகிவிடும், அந்த அமைதியில் எனக்கு உன் மூச்சு கேட்கிறது.