கஞ்சி வரிசையில் உன் அம்மா

வீட்டுக்காரிக்கு,

நான் சொல்ல, காவல்காரர் எழுதுகிறார். முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

வெள்ளமும் பின்னாலேயே காலராவும் வந்த வருஷம், உன் அம்மா போனபோது நீ கைக்குழந்தை. அந்த வருஷத்துப் படங்களை நான் பெருக்கும் ஆபீசில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். கஞ்சிக்கு நிற்கும் வரிசை ஒன்றைப் பார்த்ததும் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனாக இருந்த எனக்கு அந்த முகம் மறக்குமா?

"யாரு தாத்தா அது?" என்றாள் ஆபீஸ் பெண்.

"என் மாமியாரும்மா."

"மாமியாரைப் பாத்து அழுற மருமகனை இப்பதான் பாக்குறேன்!" என்றவள், பெரிதாக அச்சடித்துக் கொடுத்தாள். அந்தப் படத்தை இந்தக் கடுதாசியோடு வைத்திருக்கிறேன். மகராசி, நன்றாயிருக்கட்டும்.

இனி அம்மா முகம் தெரியாது என்று சொல்லாதே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பார். பார்த்ததும் போன் பண்ணு, உன் குரலாவது கேட்கட்டும். வரிசையில் நின்ற எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா இடுப்பில் விரல் சப்பும் நீ ஒருத்திதான் மிச்சம்.