உறை பிரிக்காத கட்டில்

மார்ச் 4, செவ்வாய்

சாமான் துறைமுகத்துக்கு வந்து ஆறு நாள். நாற்பத்து மூன்று பெட்டி. நாங்கள் இந்த ஊருக்கு வந்து பதினொரு நாள். வீட்டில் இருப்பது மூன்று சூட்கேஸ், ஒரு குக்கர், முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலி. பகலெல்லாம் மாமா அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். படுப்பது தரையில், இரண்டு போர்வையை மடித்துப் போட்டு. இடுப்பில் ஆபரேஷன் ஆன மனுஷன். காலையில் அவரை எழுப்பி நிறுத்த நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய கட்டில் வந்தால் போதும். தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கக் கைப்பிடி வைத்த கட்டில். இங்கேயே ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டேன். கடைக்காரன் சொன்ன விலைக்கு இவர் மூன்று மாதம் உழைக்க வேண்டும். அதுதான் வரப்போகிறதே, எதற்கு இன்னொன்று என்கிறார்.

சாமானைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தருகிற கிளியரிங் ஏஜென்ட் நம் பாஷை பேசுகிறவர். அந்த ஒரே காரணத்துக்காக இவர் பிடித்த ஆள். எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிஞ்சிரும் சார்". நாளைக்கார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நாளைக்காம்.

மார்ச் 7, வெள்ளி

பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இங்கே வரி கிடையாது. புதுச் சாமானுக்கு உண்டு. சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். மிக்ஸி அதன் அட்டைப்பெட்டியில், தெர்மோகோல்கூட உடையாமல். டிவி மூலையில் கம்பெனி ஸ்டிக்கர். ரிமோட் உறைக்குள். தட்டு செட்டில் டேப்பே பிரிக்கவில்லை. மாமாவின் மெத்தை பிளாஸ்டிக் உறையோடு. எல்லாம் புதுசு என்று மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"கடை வைக்கப் போறீங்களான்னு கேக்குறாங்க மேடம்" என்று நாளைக்கார் சிரிக்கிறார். அவருக்கென்ன.

பொருளைப் பொருளாக வைத்திருந்தது குற்றமா? ஒவ்வொன்றின் அட்டைப்பெட்டியையும் பரணில் எலி அண்டாமல் காப்பாற்றினேன். மாமா படுத்தது உறைமேல் விரிப்புப் போட்டுத்தான். கிளம்பும்போது விரிப்பை எடுத்து, உறையை ஈரத்துணியால் துடைத்து, வாங்கின பெட்டியிலேயே போட்டேன். பேக்கிங் ஆட்கள் சொன்னார்கள், கடையிலிருந்து இறக்கின மாதிரி இருக்கிறது என்று. உச்சி குளிர்ந்து போனேன். போதாததற்கு டீயும் போட்டுக் கொடுத்தேன்.

 

மார்ச் 10, திங்கள்

பில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். எந்த வருஷத்து பில் கேட்டாலும் என்னிடம் இருக்கும். இரண்டரை மணி நேரம் பெஞ்சில். பிறகு ஒரு பெண் அதிகாரி. பேனாவை டக், டக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். பில்களைப் பொறுமையாகப் புரட்டினார், தேதி சரி என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் சொன்னதை நாளைக்கார் மொழிபெயர்த்தார்.

"வாங்கி வச்சிருந்தது வேற, பயன்படுத்தினது வேறயாம்."

ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே பயன்படுத்தியதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தால் மொத்தமும் மாட்டிக்கொள்ளும். கட்டிலை மட்டுமாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். தனியாக விட முடியாதாம். பயன்படுத்தியதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

பேனா மேடம் மேல் கோபப்படவும் முடியவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் போன். யார் சொன்னார்களோ. "அப்பாவைத் தரையில படுக்க வச்சிருக்கீங்களாமே. ஊர்க்காரர் ஒருத்தர் இருபத்து நாலாம் தேதி இங்க திரும்புறார். அவரோட அனுப்பி வை. நான் பார்த்துக்கறேன்."

அனுப்பினால், என்னால் முடியவில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி. மாமாவிடம் கேட்டேன். "உங்களுக்கு எது சௌகரியமோ" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறார். டீ சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்றுகூடச் சொன்னதில்லை.

போகச் சொல்ல எனக்கு மனசில்லை. ஏன் என்று தெரியவில்லை. வேலை குறையும்தானே?

மார்ச் 13, வியாழன்

ஆதாரத்துக்கு ஒரு போட்டோ போதும் என்றார் நாளைக்கார். மாமா அந்தக் கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி ஒன்று.

என் போனில் ஆறாயிரத்துச் சொச்சம் போட்டோ. காலையிலிருந்து தேடினேன். மகளின் பள்ளி விழா, என் புடவைகள், ஜன்னலில் வந்து உட்கார்ந்த ஒரு புறா, அதுவே பதினாலு. மாமா இல்லை. கட்டிலில் மட்டுமல்ல, எங்குமே இல்லை. ஒன்றில் கை மட்டும் தெரிகிறது. கேக் தட்டை நீட்டுகிற கை.

இவர் போனையும் பார்த்தாயிற்று. அதிலும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மாமா சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று மகள் சொன்னாள். ராத்திரி எழுந்திருக்க எங்களைக் கூப்பிட வேண்டியிருக்குமாம்.

மார்ச் 17, திங்கள்

எல்லாவற்றுக்கும் 'பயன்படுத்தியது' என்று போடு என்றார் இவர். பேனாவைப் பிடித்துவிட்டேன், எழுத வரவில்லை. பொய்க்குப் பயந்தா? கட்டிலும் சேர்ந்து மாட்டுமே என்ற பயம்தான் முதலில். ஆனால் அது மட்டும் இல்லை. தட்டு செட் கல்யாணத்துக்கு வந்தது. பதினாறு வருஷம். நல்ல நாளுக்கு என்று வைத்தேன். எந்த நாளுக்கு? நடுவில் வந்ததெல்லாம் கெட்ட நாளா?

இருபத்தோரு பெட்டிக்கு எதிரே 'பயன்படுத்தவில்லை' என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே அசிங்கமாக இருந்தது. கட்டிலுக்கு எதிரே 'பயன்படுத்தியது'. ஆதாரம் என்ற இடம் காலி.

மார்ச் 19, புதன்

கிடங்கில் எங்கள் முன்னாலேயே சோதனை. மாமாவும் வருவேன் என்றார். தடுத்தோம். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

பேனா மேடம் மெத்தை உறையைத் தட்டிக் காட்டினார். இரண்டு வருஷம் படுத்ததா இது? பிறகு மாமாவைப் பார்த்து, இது உங்களுடையதா என்று நாளைக்கார் மூலமாகக் கேட்டார்.

"மருமக பொருளுங்க. நான் படுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

கெடுத்தார் காரியத்தை என்று இவர் முணுமுணுத்தார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உறையை ஏன் எடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி.

"அழுக்காயிடும்னு அவ பயப்படுவா. நமக்கென்ன, முதுகு சாய இடம் இருந்தா சரி."

படுத்துக் காட்டட்டுமா என்று மாமாவே கேட்டார். ஆட்கள் கட்டிலைப் பூட்டி மெத்தையைப் போட்டார்கள். மெல்லச் சாய்ந்தார். கரகரவென்று ஒரு சத்தம். தூரத்தில் சுமை இறக்கிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷமாக அவர் ஒவ்வொரு தடவை புரண்டபோதும் இந்தச் சத்தம். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய எனக்கு இன்றுதான் கேட்டது.

இடது பக்கம் ஒருக்களித்தார். பார்க்காமலே கையை விட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். மெத்தையில் அவருக்கென்று ஒரு பள்ளம் இருந்தது. தோளுக்கு ஓர் இடம், இடுப்புக்கு ஓர் இடம், அளவெடுத்த மாதிரி. தலை வைக்கும் பக்கம் உறை மஞ்சளாகி விரிசல் விட்டிருந்தது. அதைத்தான் நான் அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துத் துடைத்திருக்கிறேன்.

பேனா மேடம் குனிந்து பார்த்தார். விரலால் விரிசலைத் தடவினார். டக். 'பயன்படுத்தியது' என்று எழுதினார்.

மாமா எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு நாள் தரையில் கிடந்தவர். "ஒரு நிமிஷம் இரும்மா" என்றார். பேனா மேடமும் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் பெட்டிகளுக்குப் பின்னால் போய் அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

இருபத்தோரு பெட்டிக்கும் வரி கட்டினோம். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். வயிறு எரிகிறது.

மார்ச் 22, சனி

சாமான் வந்தது. நாளைக்கார் சொன்ன நாளிலேயே வந்தது, அதிசயம். முதலில் மெத்தை உறையைக் கத்தரித்தேன். கை கூசத்தான் செய்தது. பழக்கம்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் மாமா கூப்பிட்டார். வெயில் மூஞ்சியில் அடிக்கிறதாம், கட்டிலைத் திருப்ப வேண்டுமாம். திருப்பினோம். இப்போது வாசல் தெரியவில்லையாம். இழுத்தோம். சுவரை ஒட்டி இருந்தால் குளிர்கிறதாம். இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்னும் பாதிப் பெட்டி பிரிக்கவில்லை, இந்த நேரத்திலா? பிறகுதான் உறைத்தது, இந்த மனுஷன் என்னிடம் வேலை சொல்கிறார் என்று.

பதினோரு மணிக்கு நாத்தனார் போன். நாளைக்குப் புறப்பாடு, அப்பா துணியெல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று. போனை மாமாவிடம் கொடுத்தேன்.

"என் கட்டிலை இப்பதான் சரியா போட்டிருக்காங்க. நான் எங்கயும் வரல" என்றார்.

போனை வாங்கி வைத்துவிட்டு சமையலறைக்கு வந்தேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது மறுபடியும் கூப்பிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டுமாம். முழுசாக இல்லை, பாதி.