புறப்படுவதற்கு முந்தைய நாள்

திரியவ்னா
பிப்ரவரி 3, 2025

அன்புள்ள அண்ணா,

முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் முக்கோணம். மளிகை அறையில், மிளகாய் விழுதுச் சாடிகளுக்குப் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன சர்வரின் திரையில், மூன்றாவது பெயருக்கு எதிரே, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது. ஒரே பெட்டிக்குள் நீ உருவாக்கிய மூன்று கணினிகளில் இரண்டு ஓடுகின்றன. அம்மாவின் குரல் இருக்கும் கணினி மட்டும் உறைந்து நிற்கிறது. நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இரண்டே நிமிடம். மறுபடி முக்கோணம்.

நீ மடாலயத்துக்குப் போன இரண்டாம் மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனதல்லவா, அன்றிலிருந்து தினமும் அவள் எழுப்பும் ஒலிகளை அதில்தான் பதிவு செய்கிறேன். இப்போது சின்ன வாக்கியமே வருகிறது. 27ஆம் தேதி மருத்துவக் குழு கூடுகிறது. முதல் மாதப் பதிவையும் இந்த மாதப் பதிவையும் போட்டுக் காட்டினால்தான் பேச்சுப் பயிற்சியை நீட்டிப்பார்கள். வேறெங்கும் நகல் இல்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன். "அவன் மாட்டிட்டுப் போன பெட்டிதானே, அவனையே கேளு," என்றார். அங்கே போன் கூடாது என்பதால் எழுதுகிறேன். அம்மா யார் கதவைத் திறந்தாலும் "கலோ எப்ப?" என்று உன்னைத்தான் கேட்கிறாள். நான் "சீக்கிரம்மா" என்கிறேன்.

உன் தங்கை
நெவேனா

*

மடாலயம்
பிப்ரவரி 8

அன்புள்ள நெவேனா,

பதில் எழுத மூத்த துறவி அனுமதி கொடுத்தார். பயப்படாதே. அழிந்திருந்தால் சிவப்பு வந்திருக்கும். மஞ்சள் என்றால் எழுத இடமில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருக்கும். இடது பக்கம் சேமிப்பு என்ற பகுதியைத் திற. நான் அந்தக் கணினிகளை நிறுவப் பயன்படுத்திய பழைய கோப்புகள் அங்கே கிடக்கும். எல்லாவற்றையும் நீக்கு. பிறகு ஓடவிடு. வேறெதையும் தொடாதே.

இங்கே பனி இடுப்பளவு. எனக்கு விறகு வேலை. அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ பாதியில் விட்ட பள்ளிக்குத் திரும்புவது பற்றி யாராவது பேசினார்களா?

உன் அண்ணன்
கலோயன்

*

திரியவ்னா
பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணா,

பழைய கோப்புகளை நீக்கினேன். ஒரு மணி நேரம் பச்சையாக இருந்தது. நகல் எடுக்கத் தொடங்கினேன். பாதியில் மஞ்சள்.

அப்பா போய் பிளாமெனைக் கூட்டி வந்தார், பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி பழுது பார்ப்பவர். வந்ததும் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தார். "அட, ஸ்னாப்ஷாட் இருக்கே! ஏம்மா, இதுக்கா இவ்வளவு அழுகை? பழைய நிலைக்குத் திருப்புன்னு ஒண்ணு அழுத்துனா ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு ஓடும். சூப்பு ஆறுதுன்னு வீட்டுல கத்துவா," என்றார்.

பட்டியலில் ஒரே ஒரு வரி. பெயர்: புறப்படுவதற்கு முந்தைய நாள். பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அன்றைக்கு அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள், பதிவு என்று எதுவுமே இல்லை. அந்த நாளுக்குத் திருப்பினால் பிறகு வந்தவை என்ன ஆகும்? கேட்க நினைத்தேன். புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வாய் வராது என்று உனக்குத் தெரியும். அவர் மவுஸை நகர்த்தினார். நான் திரையின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

"ஊமையா நீ? வேணாம்னு வாயத் திறந்து சொல்றதுதானே!" என்றார் பிளாமென். அப்பா, "பேச வேண்டியவன் மலை மேல உக்காந்திருக்கான்," என்றார். இருவரும் போன பிறகு கம்பியை மாட்டினேன்.

அண்ணா, அதை அழுத்தினால் அம்மாவின் சொற்கள் போய்விடுமா? எட்டாம் தேதிக் கடிதத்தில் நீ இதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? இன்னொன்றும் கேட்கிறேன். அந்த நாளை எதற்காக எடுத்து வைத்தாய்?

நெவேனா

*

மடாலயம்
பிப்ரவரி 18

நெவேனா,

பிடுங்கினாயே, அதுதான் சரி. திருப்பியிருந்தால் மூன்று வருடமும் போயிருக்கும்.

அதை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. இப்போது அம்மாவின் குரல் இருக்கும் கணினி அப்போது என்னுடையது. புறப்படுவதற்கு முந்தைய நாள், அதை அப்படியே அன்றைய நிலையில் பிடித்து வைத்தேன். வேலை, கடிதங்கள், நிரல்கள் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கட்டும், திரும்பி வந்தால் தொடரலாம் என்று. ஸ்னாப்ஷாட்டை வாரக்கணக்கில்கூட வைத்திருக்கக் கூடாது. பழையது எதையும் விடாமல் பிடித்துக்கொண்டே புதியதையும் எழுதுவதால், அது இடத்தை எல்லாம் தின்றுவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். உலகத்தில் எதையாவது மிச்சம் வைத்தாயா என்று மூத்த துறவி கேட்டபோது, இல்லை என்று சொன்னேன். நேற்று அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

அந்த வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்பதை அழுத்து. திருப்பு அல்ல, நீக்கு. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், நிதானமாகப் பார். நீக்கினால் இன்றைய நிலை அப்படியே இருக்கும், பழைய நாள் மட்டும் போகும். நடுவில் மின்சாரத்தை அணைக்காதே. பச்சை வந்ததும் உடனே நகல் எடு.

மார்ச் முதல் தேதி எனக்குத் துறவு கொடுக்கிறார்கள். அன்று புதுப் பெயர் வைப்பார்கள், என்ன பெயர் என்று எனக்கே தெரியாது. அம்மாவிடம் "சீக்கிரம்" என்று இனிச் சொல்லாதே. நான் சொல்ல வேண்டியதை உன் தலையில் கட்டுகிறேன். மன்னித்துவிடு.

கலோயன்

*

திரியவ்னா
பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணா,

நாளைக்கு மேல் உறையில் எந்தப் பெயர் எழுத வேண்டும் என்று தெரியாததால் இன்றே எழுதுகிறேன்.

22ஆம் தேதி உன் கடிதம் வந்தது. உடனே செய்யவில்லை. இரண்டு நாள் அந்த வரியைத் திறந்து திறந்து பார்த்தேன். அதை நீக்கினால் நீ வந்து உட்கார இடம் இருக்காது என்று நினைத்தேன். நீயே சொன்ன பிறகும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அப்பாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அழுத்தினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அப்பா உட்காரவே இல்லை. பச்சை வந்ததும், "போச்சா?" என்று கேட்டார். "போச்சுப்பா," என்றேன். கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

இரண்டு நகல் எடுத்தேன். நேற்று மருத்துவக் குழுவின் முன்னால் முதல் மாதத்தைப் போட்டேன், வெறும் மூச்சும் ஒரு முனகலும். அடுத்து, பச்சை வந்த பிறகு எடுத்த இந்த மாதப் பதிவு: "ஜன்னலைத் திற நெவேனா, குளிர் போயிடுச்சு." பயிற்சியை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள்.

வீடு திரும்பி அம்மாவின் கோட்டைக் கழற்றும்போது அவள் கேட்டாள், "கலோ எப்ப?" கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, அவள் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து, நீ வரப்போவதில்லை என்று சொன்னேன்.

நெவேனா