உங்கள் பெயர் எழுதிய அட்டை

அண்ணா,

மார்க்கர் மை வாசம் இன்னும் விரலில் இருக்கிறது. காலையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, உங்கள் பெயரை எழுதிக் கயிறு கோத்தேன்.

நம் போர்வெல் வண்டிக்கு நீங்கள் டிரில்லர், நான் கம்ப்ரசர் ஆள். சனிக்கிழமைதோறும் திருச்செங்கோட்டு ஷெட்டில் நீங்கள் நடத்திய விளையாட்டை அதிகம் கிண்டல் செய்தவன் நான்தான். "கூத்துக் கட்டப் போறமாங்கண்ணா?" என்றேன். வேலையின் பெயர் எழுதி ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பீர்கள். ஓனர் கழுத்தில் ஹெல்பர் அட்டை தொங்கும், உங்கள் கழுத்தில் ஓனர் அட்டை. அவரைப் போலவே இடுப்பில் கை வைத்து, "விரசா ஆகட்டும், அடுத்த தோட்டத்துப் பாயிண்ட் காத்துட்டிருக்குது" என்று விரட்டுவீர்கள். செய்கிற வேலையில் வேண்டுமென்றே ஆபத்தான ஒரு தப்பை ஒளித்து வைத்திருப்பீர்கள். கண்ணில் பட்டவன் கையைத் தூக்கி உங்களை நிறுத்த வேண்டும். முதல் வாரம் ஒருவரும் கையைத் தூக்கவில்லை, ஹெல்பராக நின்ற ஓனர் உட்பட. "ஏஞ்சாமி, நெசத்துலயும் இப்படித்தான் நிப்பீங்களா?" என்று கேட்டீர்கள். ஓனர் முகம் சுண்டிப்போனது.

போகப் போக எங்களுக்குத் தைரியம் வந்தது. நிஜ வேலையிலேயே ஒருமுறை ஓனரை நிறுத்தினேன். அவரும் நின்றார்.

டிரில்லர் என்று ஓர் அட்டையை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு வெண்ணந்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில், குழியில் இறக்கும் இரும்பு ராடு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு பிரி விட்டிருந்ததைப் பார்த்தேன். நீங்கள் அதன் அடியில் போய்க் குனிந்தீர்கள். என் கை பாதி எழும்பியது. அண்ணனுக்குத் தெரியாததா என்று இறக்கிவிட்டேன். அடுத்த நொடி கயிறு அறுந்து ராடு உங்கள் மேல் விழுந்தது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "நீ என்ன பண்ணுவ சாமி" என்று சாவு வீட்டில்கூட அண்ணிதான் எனக்கு ஆறுதல் சொன்னார். பாதி எழும்பிய கையைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இன்று மறுபடி விளையாடினோம். உங்கள் அட்டையை நான் மாட்டிக்கொண்டேன், என்னுடையதை ஓனர் வாங்கிக்கொண்டார். ராடுக்குப் பதில் ஒரு மூங்கிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். உங்களைப் போலவே அடியில் போய்க் குனிந்தேன். ஓனர் கையை முழுசாகத் தூக்கி, "நில்லுங்கண்ணா" என்றார்.

நின்றேன். கோபம் வரவில்லை, மரியாதை குறைந்ததாகவும் படவில்லை. நான் கையைத் தூக்கியிருந்தால் நீங்களும் இப்படித்தான் நின்றிருப்பீர்கள், அண்ணா.