சுவரில் ஏறிய பச்சைக் கோடு

அப்பா, எழவு வீட்டில் அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு வரிதான்: "அது முனி இல்லை, அப்பாவின் லேசர்."

இன்று அலமாரியில் துணி அடுக்கும்போது போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பை கையில் பட்டது. உள்ளே அந்த லேசர். பித்தானைச் சுற்றிச் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

வாங்கிய கையோடு அதை ராசா பட்டணத்தில் நான் தங்கியிருந்த வாடகை அறைக்குக் கொண்டுவந்தீர்கள். விளக்கை அணைக்கச் சொல்லி, எதிர்வீட்டுச் சுவரில் பச்சைக் கோடு ஒன்றை மெல்ல மேலும் கீழும் ஓடவிட்டுக் காட்டினீர்கள். நீங்கள் பம்பு பார்க்கப் போகும் பள்ளத்தில் போன் லைன் கிடையாது. ஆபத்தென்றால் மேலே நம் லயத்து வரிசை வீடுகளைப் பார்த்து இதை வீசினால் போதும் என்றீர்கள்.

"டார்ச் அடிச்சா எவன் திரும்பிப் பாப்பான்? இதப் பாக்காம இருக்க முடியாதும்மா."

"பிளேன் மேல பட்டுச்சுன்னா போலீஸ் வந்துரும்பா."

"பிளேனா? நம்ம தோட்டத்துக்கு பஸ்ஸே வரல லா!" சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். "அம்மாகிட்ட சொல்லிடாத. இந்த வயசுல வெளையாட்டுச் சாமான் கேக்குதான்னு ஏசும்."

கடலிலும் மலையிலும் இப்படி வெளிச்சம் காட்டிப் பிழைத்தவர்களைப் பற்றி நிறைய படித்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை எதிலும் படித்ததாக நினைவில்லை.

மழை விட்ட அந்தச் சாயங்காலம் பம்பை நிறுத்தப் போன வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, உங்கள் காலின் மேல் விழுந்தது. இருட்டியதும் நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தீர்கள். லயம் முழுவதும் பார்த்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே வெளிச்சம் நகர்ந்தால் முனி வேட்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று கதவடைத்துக்கொள்வது நம் தோட்டத்து வழக்கம். அடைத்தார்கள். நாய்களைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மழை நாளில் நீங்கள் பம்புக் கொட்டகையிலேயே படுத்துவிடுவதுண்டு. அதனால் யாரும் தேடவில்லை. காலையில் செம்பனைக் குலை வெட்டப் போனவர்கள்தான் ரத்தம் போய் இறந்து கிடந்த உங்களைக் கண்டார்கள். உடம்பில் சூடு இன்னும் போகவில்லை என்றார்கள்.

எழவு வீட்டில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பச்சையா கோடு போட்டுக்கிட்டு வந்தாருடி முனி! செவுத்துல ஏறி ஏறி எறங்குனாரு. உங்கப்பனக் கேட்டுத்தான் வந்திருக்காரு."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொன்னாள்: "நம்ம ஜன்னல்லதான் ரொம்ப நேரம் நின்னுச்சு. நான்தான் துணியப் போட்டு மூடுனேன்."



நம் ஜன்னலைத்தான் குறிபார்த்திருக்கிறீர்கள். அது எனக்கு மட்டுமே தெரியும். அம்மாவுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அவள் எனக்குச் சோறு போடும்போது அந்தக் கையைத்தான் பார்க்கிறேன். இதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது?

போன ஆடியில் லயத்துக்காரர்கள் ஒன்றுகூடி, அந்தப் பள்ளத்தின் மேல் முனிக்குச் சிமெண்ட் மேடை கட்டினார்கள். முதல் கல்லை அம்மாவை எடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.