மாம்பழ வாசனைச் சாம்பிள்

சனிக்கிழமை, தீபாவளிக்குப் பத்து நாள்.

இன்று காலை ஒரு மின்சிகரெட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி என்று விலை ஒட்டி, என் அத்தர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டேன். கல்லா மேசையில் கிடந்தது, மாம்பழ வாசனை அடித்தது. சப்ளையர் விட்டுப்போன புது அத்தர் சாம்பிள் என்று நினைத்தேன். எந்தச் சாம்பிள் வந்தாலும் விலை ஒட்டி, யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம்.

மதியம் கேட்டது ஒரு மாணவன். "அங்கிள், இது வேப்! ஓப்பனா வச்சு விக்கிறீங்களா? உள்ள போயிருவீங்க லா!"

இந்த ஊரில் மின்சிகரெட் வைத்திருந்தாலே குற்றம். சட்டென்று எடுத்து ஒளித்தேன்.

அது கடையில் ஒத்தாசைக்கு வந்திருந்த என் மகள் கவிதாவுடையது. பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கேட்டதும் ஒத்துக்கொண்டாள். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். முப்பது வருஷமாக வாசனை விற்கிறேன். அத்தர் இல்லாமல் தவித்த வாடிக்கையாளர் ஒருவரையும் பார்த்ததில்லை.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?"

"முதல்ல சும்மா டேஸ்ட்டுக்குத்தான்பா. இப்ப அது இல்லாம ஒரு லெக்சர் முழுசா உக்கார முடியல."

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

விட்டுவிடு என்றேன். "நீங்க பின் சந்துல இழுக்கிற சிகரெட்?" என்றாள். ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைக்கிறேன் என்றேன்.

"பேரம் கிடையாதுப்பா. ஃபிக்ஸட் ப்ரைஸ்."

என் கடை வாசலில் நானே எழுதி மாட்டியது.

கடைசியில் முடிந்த பேச்சு: நாளை கடை திறக்குமுன் இருவரும் சமூக மன்றம் போகிறோம். தண்டனையில்லாமல் வேப்பைப் போட்டுவிட அங்கே வைத்திருக்கும் தொட்டியில் அவளுடையது. பக்கத்துக் குப்பைத்தொட்டியில் என் சிகரெட் பெட்டி, லைட்டரோடு. திங்கட்கிழமை, பழக்கத்தை விட உதவும் கிளினிக்குக்கு இருவரும்.